பிரீசெட்டிலிருந்து வெளியே வர: போனிலேயே சொந்தமாக சின்தசைசர் ஒலி அமைப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இது. போனில் ஒரு மியூசிக் ஆப் வைத்துக்கொண்டு நண்பர்களின் குறும்படங்களுக்குப் பின்னணி இசை போடுகிறீர்கள். ஆப்பில் தயாராக இருக்கும் ஒலிகளையே (பிரீசெட்) எடுத்து வாசிப்பதால், "இது அந்த ஆப்பில் வர்ற சவுண்டுதானே" என்று கேட்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். சொந்தமாக அமைக்கலாம் என்று சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) பக்கத்தைத் திறந்தால் நாற்பது ஐம்பது குமிழ்கள். எங்கே தொடங்குவது, கணக்கு தெரிந்திருக்க வேண்டுமா, கீபோர்டு வாங்க வேண்டுமா என்று மூன்று கேள்விகள்.

கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், பெருக்கல் வாய்ப்பாடு போதும். கீபோர்டு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குத்தான் நீளமான பதில் தேவை.

அந்த ஐம்பது குமிழ்களில் ஏழெட்டுதான் ஒலியின் முகத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த ஏழெட்டிலும் நேரத்தோடு சம்பந்தப்பட்டவைதான் முக்கியம். புதிதாக வருகிற பலரும் எந்த அலையை எடுப்பது, இரண்டாவது ஆசிலேட்டரில் (அலையை உருவாக்கும் பகுதி) எதைக் கலப்பது என்பதிலேயே மாலைப் பொழுதுகளைச் செலவழிக்கிறார்கள். நானும் முதல் ஒரு வருடம் அப்படித்தான் செலவழித்தேன். ஒலி பிறந்ததிலிருந்து அடங்கும் வரை எப்படி மாறிக்கொண்டே போகிறது என்பதை வைத்துத்தான் காது அதை அடையாளம் காண்கிறது என்று பிடிபட்ட பிறகுதான் நான் அமைத்தவை உருப்படியாக வர ஆரம்பித்தன.

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1948இல் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர், ஒரு மணியோசையைப் பதிவு செய்து, அடி விழும் முதல் கணத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதியை ஒலிக்கவிட்டார். மணி மணியாகவே கேட்கவில்லை, ஏதோ ஊதும் வாத்தியம் போலக் கேட்டது. இதை உங்கள் போனிலேயே செய்து பார்க்கலாம். பியானோவில் ஒரே ஒரு சுரத்தைப் பதிவு செய்து, முன்னால் இருக்கும் பத்தில் ஒரு பங்கு நொடியை வெட்டிவிட்டுப் போட்டுக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பியானோ என்று சட்டென்று சொல்ல வராது.

சரி, ஆப். ஐபோன், ஐபேடில் ஆடியோகிட் சின்த் ஒன் இலவசம். குமிழ்களெல்லாம் கண்ணுக்கு நேரே இருப்பதால் கற்றுக்கொள்ள நல்லது. கேரேஜ்பேண்டில் இருக்கும் ஆல்கெமி ஒலிகள் அருமையானவை, ஆனால் போன் பதிப்பில் உள்ளே போய்த் திருத்த அதிகம் இடமில்லை. ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்குவதானால் எஃப்எல் ஸ்டுடியோ மொபைலில் இருக்கும் மினிசின்த்தே ஆரம்பத்துக்குப் போதும். எப்போதாவது லேப்டாப் கிடைத்தால் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டலின் அடிப்படைப் பதிப்பு, டெக்ஸெட் மூன்றும் இலவசம். எதை எடுத்தாலும் ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப், எல்எஃப்ஓ என்ற நான்கு பெயர்களும் அதில் இருக்கும். 1970இல் வந்த மினிமூக் என்ற சின்தசைசர் வகுத்துக் கொடுத்த பாதை இது: ஒலி ஆசிலேட்டரில் பிறந்து, ஃபில்டரில் வடிகட்டப்பட்டு, கடைசியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி வழியாக வெளியே வருகிறது. இன்றைய ஆப்களில் பெரும்பாலானவை அந்தப் பாதையிலேயே நடக்கின்றன. ஒரு ஆப்பில் கற்றதை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகலாம்.

முதல் வேலை, ஆப்பில் 'இனிட்' என்ற பெயரில் ஒரு பிரீசெட் இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் சேர்க்காத வெறும் ஒலி அது. இல்லையென்றால் நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். ஏதாவது ஒரு பிரீசெட்டை எடுத்து, ஒரு ஆசிலேட்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள். ரிவெர்ப், டிலே, கோரஸ் என்று எதிரொலி மாதிரி மேலே பூசுவதெல்லாம் பூஜ்யம். எல்எஃப்ஓ பூஜ்யம். ஃபில்டரை முழுக்கத் திறந்து, அலையில் ரம்பப் பல் போன்ற படத்தைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஒரு சுரத்தை அழுத்தினால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல ஒரு கரகரப்பு கேட்கும். அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், இனி அமைக்கப்போகும் எல்லா ஒலிக்கும் இதுதான் மாவு.

அந்தக் கரகரப்புக்குள் என்ன இருக்கிறது? 220 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் வாசித்தால், ரம்ப அலைக்குள் 220, 440, 660, 880 என்று பெருக்கல் வாய்ப்பாடு போல மேலே போய்க்கொண்டே இருக்கும் சுரங்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. இரண்டாவது பாதி பலம், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, நான்காவது நான்கில் ஒரு பங்கு. இவற்றைத்தான் ஹார்மோனிக்ஸ் என்கிறோம். ஸ்கொயர் அலையில் ஒற்றைப்படை எண்கள் மட்டும்: 220, 660, 1100. அதனால்தான் அது கிளாரினெட் மாதிரி உள்ளே வெற்றிடம் இருப்பது போலக் கேட்கிறது. முக்கோண அலையிலும் ஒற்றைப்படைதான், ஆனால் மேலே உள்ளவை வெகு சீக்கிரம் மெலிந்துவிடும்: ஒன்பதில் ஒரு பங்கு, இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று. சைன் அலையில் ஒரே ஒரு சுரம், விசில் அடித்தது போல. நான் சொன்ன கணக்கு இவ்வளவுதான்.

ஃபில்டரைப் புரிந்துகொள்ள ஆப்பே தேவையில்லை. ஒரே சுருதியில் "ஆ" என்று இழுத்துக்கொண்டே, குரலை மாற்றாமல், உதட்டை மெதுவாகக் குவித்து "ஊ" வரைக்கும் போங்கள். தொண்டை செய்யும் வேலை மாறவில்லை. வாயின் வடிவம் மட்டும் மாறி, மேலே இருந்த பளபளப்பை விழுங்கிவிட்டது. லோபாஸ் ஃபில்டர் என்பது கீழே இருப்பதை விட்டுவிட்டு மேலே இருப்பதை வெட்டுவது; எங்கிருந்து வெட்ட வேண்டும் என்று சொல்வது கட்ஆஃப் குமிழ். அதை இறக்கும்போது ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. இப்போது "ஊ"விலிருந்து "ஈ"க்கு வெகு மெதுவாக நாக்கை நகர்த்திப் பாருங்கள். ஒரு மெல்லிய விசில் மேலே ஏறிப் போவது போலக் கேட்கும். ஃபில்டரில் ரெசனன்ஸ் குமிழை ஏற்றிவிட்டு கட்ஆஃபை நகர்த்துவது அதற்கு மிக நெருக்கமானது: எந்த இடத்தில் வடிகட்டுகிறதோ அந்த இடத்து ஹார்மோனிக்கை மட்டும் தூக்கிக் காட்டும்.

முதல் மூன்று நாள் இதை மட்டும் செய்யுங்கள் என்பேன். ஒரு விரலால் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்ஆஃபை மேலிருந்து கீழே பத்து நொடி எடுத்து இறக்குங்கள். அப்புறம் ரெசனன்ஸை முக்கால் அளவுக்கு ஏற்றிவிட்டு மறுபடியும். 880, 660, 440 என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவது காதில் விழ ஆரம்பிக்கும். அது விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆப்பில் 12 டெசிபல், 24 டெசிபல் என்று இரண்டு வகை கேட்டால், 24 சற்று முரட்டுத்தனமாக வெட்டும், பேஸுக்கு (தாழ்ந்த ஸ்தாயி ஒலிக்கு) நன்றாக இருக்கும். 12 மென்மையாகச் சரியும், பின்னணியில் நீளமாக நிற்கிற ஒலிகளுக்கு ஏற்றது.

இனி என்வலப், அதாவது ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் பகுதி. 1964இல் ராபர்ட் மூக்கும் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சும் தங்கள் முதல் சின்தசைசரைச் செய்துகொண்டிருந்தபோது, ஒலியைத் தொடர்ந்து உருவாக்க முடிந்ததே தவிர அதற்கு ஒரு தொடக்கமும் அடக்கமும் இல்லை. மூக் அவரைக் கடைக்கு அனுப்பி வீட்டு அழைப்பு மணியின் பட்டன் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். பட்டனை அழுத்தினால் ஒலி எழ வேண்டும், விட்டால் மெல்ல அடங்க வேண்டும். இன்று உங்கள் ஆப்பில் ஏ, டி, எஸ், ஆர் என்று நான்கு ஸ்லைடர்களாக நிற்பது அந்த பட்டனின் வாரிசுதான்.

அட்டாக் என்பது உச்சத்துக்கு ஏற எடுக்கும் நேரம். டிகே அங்கிருந்து இறங்கும் நேரம். ரிலீஸ் விரலை எடுத்த பிறகு அடங்கும் நேரம். நடுவில் இருக்கும் சஸ்டெயின் மட்டும் நேரம் இல்லை, அளவு. விரல் அழுத்தியிருக்கும் வரை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. இந்த ஒரு குழப்பத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

வீணைத் தந்தியை மீட்டினால் அட்டாக் உடனடி, பின் நீண்ட டிகே, சஸ்டெயின் பூஜ்யம். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தந்தி தானாக அடங்கியே தீரும். ஆர்மோனியத்தில் துருத்தியில் காற்று இருக்கும் வரை சஸ்டெயின் முழுசு, விரலை எடுத்ததும் ரிலீஸ் உடனடி. வயலினில் வில்லை மெதுவாக அழுத்தித் தொடங்கினால் அட்டாக் அரை நொடி கூட ஆகலாம். அதே தகர டப்பா வண்டை வைத்துக்கொண்டு, வேறு எதையும் தொடாமல், இந்த நான்கு ஸ்லைடர்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். அட்டாக் 2 மில்லிசெகண்ட், டிகே 400, சஸ்டெயின் பூஜ்யம் என்றால் மீட்டும் வாத்தியம். அட்டாக் 800, சஸ்டெயின் முழுசு, ரிலீஸ் ஒன்றரை நொடி என்றால் பின்னணியில் பரவி நிற்கும் ஒலி (இதைத்தான் பேட் என்பார்கள்). அலை அதேதான்.

இது சத்தத்துக்கான என்வலப். பெரும்பாலான சின்த்களில் இதேபோல் இன்னொன்று ஃபில்டருக்கென்று தனியாக இருக்கும். என்னைக் கேட்டால் மொத்த சின்தசைசரிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். தந்தியை மீட்டும்போது எல்லா ஹார்மோனிக்ஸும் ஒரே வேகத்தில் அடங்குவதில்லை. மேலே இருப்பவை முதலில் செத்துவிடும், அடிச்சுரம் கடைசி வரை நிற்கும். ஆகவே ஃபில்டரின் டிகே, சத்தத்தின் டிகேயைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உதாரணமாகச் சத்தத்துக்கு 900 மில்லிசெகண்ட் என்றால் ஃபில்டருக்கு 250. கட்ஆஃபை 200 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கி வைத்து, ஃபில்டர் என்வலப்பின் அளவைப் பாதிக்கு மேல் ஏற்றுங்கள். இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே போய் வாசித்தால் 'டௌ' என்று ஒரு பேஸ் வரும். ஃபில்டர் டிகேயை 80க்கு இறக்கினால் 'டப்', 600க்கு ஏற்றினால் 'டவ்வ்'. இந்த மூன்றும் உங்கள் சொந்த ஒலிகள், எந்தப் பிரீசெட்டிலிருந்தும் வந்தவை அல்ல.

இதுவரை சொன்னதை வைத்து ஒரு ஒலியை முழுதாக அமைத்துப் பார்க்கலாம். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் தம்புராவைத்தான் எடுப்பேன். அது எளிது என்பதால் அல்ல. நம் காது அதை நன்றாக அறிந்திருப்பதால், தப்பு நடந்தால் உடனே தெரிந்துவிடும்.

தம்புராவின் உயிர் அதன் குதிரையிலும் (தந்திகளைத் தாங்கும் பாலம்), தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி நூலிலும் இருக்கிறது. தந்தி வளைந்த குதிரையின் மேல் லேசாக உரசிக்கொண்டே அதிர்வதால் மேலே உள்ள ஹார்மோனிக்ஸ் சீக்கிரம் செத்துவிடாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. மீட்டிய கணத்திலிருந்து அந்தப் பளபளப்பு உயரத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கி வருகிறது. ஊன்றிக் கேட்டால், ஒரே தந்திக்குள் சுரங்கள் படி இறங்குவது போல இருக்கும். ரெசனன்ஸை ஏற்றிய ஃபில்டரை மேலிருந்து கீழே இறக்கியபோது நீங்கள் கேட்டதும் இதே மாதிரியான ஒன்றுதான். அந்தப் பயிற்சியை முதலில் சொன்னதன் காரணம் இது.

அமைப்பு இப்படி. ரம்ப அலை. சத்தத்துக்கு அட்டாக் 8 மில்லிசெகண்ட், டிகே 8 நொடி, சஸ்டெயின் பூஜ்யம், ரிலீஸும் 8 நொடி. ரிலீஸைக் குறைத்து வைத்தால் அடுத்த தந்திக்கு விரல் போனதும் முந்தையது அறுந்துவிடும். தம்புராவில் அப்படி நடப்பதில்லை. ஃபில்டர் 24 டெசிபல் லோபாஸ், ரெசனன்ஸ் அறுபது சதவீதம். ஃபில்டர் என்வலப், மீட்டிய கணத்தில் கட்ஆஃபை 3000 ஹெர்ட்ஸுக்குத் தூக்கி, மூன்று நொடியில் 300 பக்கம் இறக்க வேண்டும். ஆப்பில் 'கீ டிராக்' என்று ஒரு குமிழ் இருந்தால் முழுசாக ஏற்றுங்கள். அப்போது எந்தத் தந்தியாக இருந்தாலும் இறக்கம் அந்தச் சுரத்துக்கு ஏற்றபடி நடக்கும். ரெசனன்ஸ் கூடிவிட்டால் விசில் சத்தம் தனியாகப் பிரிந்து நிற்கும். அது தந்தியோடு ஒட்டிக்கொள்ளும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். எந்த எண்ணில் ஒட்டும் என்பது ஆப்புக்கு ஆப் மாறும், காதால்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு கட்டை சுருதியில் பஞ்சமம், ஷட்ஜம், ஷட்ஜம், மந்தர ஷட்ஜம் என்று நொடிக்கு ஒன்றாக வாசியுங்கள். மந்தர ஷட்ஜம் சுமார் 65.4 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாவது ஹார்மோனிக் 196, அது பஞ்சமம். ஐந்தாவது 327, அது அந்தர காந்தாரம். நல்ல தம்புராவில் யாரும் மீட்டாமலே காந்தாரம் கேட்கும் என்று பாட்டு வாத்தியார்கள் சொல்வார்களே, அதுதான் இது. ஃபில்டர் இறங்கும் வழியில் 327ஐக் கடக்கும் கணத்தில் அந்தக் காந்தாரம் உங்கள் போனிலிருந்து தானாக எழும். கீபோர்டில் காந்தாரக் கட்டையை அழுத்தினால் வருவது 329.6. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தந்திக்குள்ளிருந்து வருவது ஒரு நூல் இறங்கி, ஷட்ஜத்தோடு ஒட்டி நிற்கும். முதன்முறை அது என் ஹெட்போனில் எழுந்தபோது குமிழைத் தொடாமல் அரை மணி நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும். நிஜத் தம்புராவில் நடுவில் இருக்கும் இரண்டு ஷட்ஜங்களும் மயிரிழை வித்தியாசத்தில்தான் சேரும். இரண்டாவது ஆசிலேட்டரையும் ரம்ப அலையாக வைத்து, அதை 3 சென்ட் மட்டும் ஏற்றுங்கள். ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். 131 ஹெர்ட்ஸில் 3 சென்ட் என்பது கால் ஹெர்ட்ஸுக்கும் குறைவு, அதாவது நான்கு நொடிக்கு ஒரு முறை மெதுவாக மூச்சு விடுவது போல அலையும். இதே டீட்யூன் குமிழை 7, 10, 15 என்று ஏற்றினால் பெரிய விழாப் பாட்டுகளில் கேட்கும் அகன்ற ஒலி வரும். 1996இல் ரோலண்ட் ஜேபி-8000 ஏழு ரம்ப அலைகளை இப்படி விலக்கி வைத்து 'சூப்பர்சா' என்று பெயர் கொடுத்தது. ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்ட் அளவு மாறாவிட்டாலும், ஒரு ஆக்டேவ் மேலே போனால் அலையும் வேகம் இரட்டிப்பாகும். பேஸில் சுகமாக இருந்தது மேலே போனால் தண்ணியடித்த மாதிரி தள்ளாடும். எந்த ஸ்தாயியில் வாசிக்கப்போகிறீர்களோ அங்கேயே வைத்து அமைத்துக்கொள்ளுங்கள்.

எல்எஃப்ஓ பற்றிச் சுருக்கமாக. காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக ஆடும் ஒரு அலை அது. சுருதியோடு இணைத்தால் அசைவு, சத்தத்தோடு இணைத்தால் துடிப்பு, ஃபில்டரோடு இணைத்தால் 'வாவ் வாவ்'. நொடிக்கு ஐந்தாறு முறை, மிகச் சிறிய அளவு என்றால் பாடகரின் குரல் நடுக்கம் போல இயல்பாக இருக்கும். அதிகம் போட்டால் ஆம்புலன்ஸ் சைரன்தான்.

ஆனால் இந்த எல்எஃப்ஓவின் வேகத்தை விடாமல் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு அதிசயம் நடக்கும். 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கணினியில் இப்படித்தான் அசைவின் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் சுருதி ஆடுவது காதில் நின்றுபோய், அதற்குப் பதிலாக ஒலியின் நிறமே மாறிவிட்டது. வெறும் இரண்டு சைன் அலைகளை வைத்துக்கொண்டு, ஒன்று மற்றதை வேகமாக ஆட்டுவதன் மூலம், ஹார்மோனிக்ஸ் நிறைந்த ஒலியைப் பிறப்பிக்க முடிந்தது. இதுதான் எஃப்எம். யமஹா இதற்கு உரிமம் பெற்று 1983இல் டிஎக்ஸ்7 கொண்டுவந்தது. ஆறு ஆசிலேட்டர்கள், அவற்றை ஒன்றோடொன்று கோர்க்க 32 வழிகள். எண்பதுகளின் கண்ணாடி போன்ற எலெக்ட்ரிக் பியானோ ஒலி அதிலிருந்து வந்ததுதான்.

ஃபில்டரில் இருப்பதை வெட்டி எடுக்கிறோம். எஃப்எம்மில் இல்லாததைச் சேர்க்கிறோம். ஆட்டும் அலையின் வேகம் அடிச்சுரத்துக்கு முழு எண் மடங்காக இருந்தால் சுருதி சுத்தமாக இருக்கும். ஒன்றுக்கு ஒன்று என்றால் பித்தளை வாத்தியச் சாயல், ஒன்றுக்கு இரண்டு என்றால் கிளாரினெட் சாயல். முழு எண்ணாக இல்லாமல் 1.4 அல்லது 3.5 என்று வைத்தால் மணி. மணியின் உலோகத்தில் பிறக்கும் சுரங்கள் பெருக்கல் வாய்ப்பாட்டுக்குள் அடங்குவதில்லை, அதனால்தான் இது பொருந்துகிறது. இங்கேயும் நேரம்தான் வேலை செய்கிறது: ஆட்டும் அலைக்கென்று உள்ள என்வலப் வேகமாக இறங்கினால் அடித்த கணத்தில் 'ணங்' என்று நெரிசலாகக் கேட்டு, அப்புறம் 'ம்ம்ம்' என்று நிர்மலமாக நிற்கும். கோயில் மணியை அடித்துவிட்டு நாக்கைப் பிடிக்காமல் விட்டால் நடப்பது போல.

குறும்படத்துக்குப் பாட்டு மாதிரி இழையும் ஒரு முன்னணி ஒலி வேண்டுமென்றால், சின்த்தை மோனோவுக்கு (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) மாற்றி லெகாட்டோவைப் போட்டு, வழுக்கும் நேரத்தைச் சொல்லும் கிளைடை 60லிருந்து 90 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள். ஒரு விரலை எடுக்காமல் அடுத்ததை வைத்தால் சுரம் வழுக்கிப் போகும், எடுத்துவிட்டு வைத்தால் புதிதாகத் தொடங்கும். ஜாரு என்ற வழுக்கும் கமகத்துக்கு அது போதும். அசைத்து வாசிக்க வேண்டிய இடங்களுக்குப் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்டைப் பயன்படுத்துங்கள். வழக்கமாக அது இரண்டு அரைச்சுரம் ஏறி இறங்கும்.

இனி நடைமுறை விஷயங்கள். புளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒலி அமைக்காதீர்கள். விரல் வைத்ததற்கும் ஒலி வந்ததற்கும் இடையே நூறு மில்லிசெகண்டுக்கும் மேல் ஓடிவிடும். 5 மில்லிசெகண்ட் அட்டாக்கையும் 40 மில்லிசெகண்ட் அட்டாக்கையும் விரலால் உணர முடியாமல் போகும். ஒயர் வைத்த சாதாரண இயர்போன் அதைவிட நல்லது. போனின் ஸ்பீக்கரையும் நம்ப வேண்டாம். ஒரு பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்காக நான் போன் ஸ்பீக்கரிலேயே கேட்டுக் கேட்டு ஒரு பேஸ் அமைத்தேன். அடிச்சுரம் கேட்கவே இல்லை என்று ஏற்றிக்கொண்டே போனேன். மேடையில் பெரிய ஸ்பீக்கரில் அது போனதும் பிள்ளைகளின் வசனம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் எத்தனை நாள் ஒத்திகை பார்த்த வசனம் அது! அன்றிலிருந்து எந்த பேஸையும் மூன்று இடத்திலாவது கேட்காமல் அனுப்புவதில்லை.

ரிவெர்பைக் கடைசியில் போடுங்கள். சாதாரண ஒலியைக்கூட ரிவெர்ப் அழகாகக் காட்டிவிடும். நாமும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவோம். முதலில் வெறும் ஒலியாகவே அது காதுக்கு இதமாக நிற்கட்டும். சேமிக்கும்போது 'புதுசு 1', 'புதுசு 2' என்று பெயர் வைக்காமல் 'மழைக்கு முன் - தாழ்ந்த பேட்' என்பது போல எந்தக் காட்சிக்கு, எந்த ஸ்தாயிக்கு என்று எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதுதான் கை கொடுக்கும். பிடித்த பிரீசெட்டை விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. அதைத் திறந்து ஒவ்வொரு குமிழாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், எதை எடுத்தால் அதன் உயிர் போகிறது என்று பாருங்கள். அந்தக் குமிழைக் கண்டுபிடித்துவிட்டால் அதே உயிரை உங்கள் ஒலிக்கும் கொடுக்கலாம்.

கடைசியாகக் கீபோர்டு. ஒலி அமைக்க அது கட்டாயம் இல்லை, ஆனால் வாங்க ஒரு நல்ல காரணம் உண்டு. போனின் கண்ணாடித் திரைக்கு நீங்கள் எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று சரியாகத் தெரியாது. மிடி கீபோர்டு ஒவ்வொரு அடியின் வேகத்தையும் 1லிருந்து 127 வரை ஒரு எண்ணாக அனுப்பும். அந்த வெலாசிட்டியைச் சத்தத்தோடு மட்டும் இணைக்காமல் ஃபில்டர் என்வலப்பின் அளவோடும் இணைத்துவிடுங்கள். மெதுவாகத் தொட்டால் மங்கலாகவும் ஓங்கி அடித்தால் பளிச்சென்றும் ஒலிக்கும். நிஜ வாத்தியங்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. அதற்கு 25 கட்டைகள் போதும். வெலாசிட்டியும் பிட்ச் பெண்டும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் ஒரு ஓடிஜி கேபிளில் வேலை முடிந்துவிடும். பழைய லைட்னிங் ஐபோன் என்றால் கேமரா அடாப்டர் ஒன்று தேவைப்படும். வாங்கும் வரை ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் கட்ஆஃபை நகர்த்துங்கள். மேலே சொன்ன பேஸும் தம்புராவும் மணியும் நான் முதலில் அமைத்தது அப்படித்தான், ஐந்து அங்குலத் திரையில்.